தாழியை அகலமாக வனையச் சொன்னவள் யார், தெரியுமா?

கணவனை இழந்த ஒருத்தி நேரே குயவரிடம் போகிறாள். அவனைப் புதைக்கச் செய்யும் தாழியைத் தனக்கும் இடம் இருக்கும்படி அகலமாக வனைந்து தரும்படி கேட்கிறாள். இப்படி ஒரு பாட்டு தமிழில் இருக்கிறது, தெரியுமா? புறநானூற்றின் 256ஆம் பாட்டு. மொத்தமே ஏழு அடிதான்! பாடியவர் பெயரும் கிடைக்கவில்லை, இறந்தவன் பெயரும் கிடைக்கவில்லை. 1894இல் உ.வே. சாமிநாதையர் ஏட்டிலிருந்து எடுத்து அச்சில் ஏற்றியிராவிட்டால் இந்த ஏழு அடி என்ன ஆகியிருக்குமோ!

அந்த ஏழு அடிக்குள் ஒரு பல்லி வருகிறது. வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன வெள்ளைப் பல்லி. சக்கரம் சுற்றினால் அதுவும் சுற்ற வேண்டும். ஒரு கணம் மேலே, மறுகணம் தலைகீழாகக் கீழே. வெயில், புழுதி, மேடு, பள்ளம் எதுவும் தப்பாது. ஆனாலும் பிடியை விடாது. அவனோடு வறண்ட காட்டு வழிகள் பலவற்றை அப்படித்தான் கடந்து வந்தேன் என்கிறாள் அவள். பெண் என்றால் மயில், மான், அன்னம் என்று உவமை அடுக்கும் மரபுக்குள், தன்னை ஒரு பல்லியாகச் சொல்லிக்கொண்ட ஒருத்தி! இதைவிடத் துல்லியமாகத் தாம்பத்தியத்தைச் சொன்ன உவமையை நான் எங்கும் பார்த்ததில்லை.

ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்த முதுமக்கள் தாழிகளைப் படத்திலாவது பார்த்துவிட்டு இந்தப் பாட்டைப் படியுங்கள். அவள் கற்பனையில் ஒன்றும் கேட்கவில்லை என்று தெரியும். சக்கரத்தில் மண் இன்னும் ஈரமாக இருக்கும்போதே, அளவைக் கொஞ்சம் கூட்டச் சொல்லிக் கேட்கிறாள். அவ்வளவுதான்!

இன்னொன்று தெரியுமா? கணவன் ஒரு பாட்டு, மனைவி ஒரு பாட்டு என்று இருவர் பாடலும் புறநானூற்றில் இடம்பெற்ற ஒரு தம்பதி உண்டு. கணவன் ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன். மனைவி பெருங்கோப்பெண்டு. அவன் பாடியது 71ஆம் பாட்டு, ஒரு வஞ்சினம். எதிரிகளைப் போரில் ஓட ஓட விரட்டாவிட்டால் எனக்கு இன்னின்ன கேடு வரட்டும் என்று சபதம் செய்கிறான். அரசன் செய்யும் சபதம் ஆயிற்றே, முடி போகட்டும், நாடு போகட்டும் என்றுதானே தொடங்குவான்? இல்லை! மை தீட்டிய பெரிய கண்களை உடைய இவளை நான் பிரிவேனாக என்பதுதான் அவன் தனக்குத்தானே விதித்துக்கொண்ட முதல் தண்டனை. நீதி தவறிய பழியும், உயிர் நண்பர்களின் பிரிவும், வேறு குடியில் பிறக்கும் இழிவும் அதற்குப் பிறகுதான் வரிசையில் வருகின்றன. போர்க்களத்துக்குப் புறப்படும் அரசன் படை முழுக்கக் கேட்கும்படி சொன்ன காதல் இது!

மனைவியின் பாட்டு 246ஆவது. அவன் இறந்துவிட்டான். அவள் தீயில் இறங்கப் போகிறாள். தடுக்கும் சான்றோரைக் கடிந்து பேசுகிறாள். கைம்பெண்ணுக்கு விதித்த வாழ்க்கை என்ன என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டுகிறாள்: பிழிந்தெடுத்த நீர்ச்சோறு, எள்ளுத் துவையல், புளி கூட்டி வேகவைத்த வேளைக்கீரை, பாய் இல்லாமல் பருக்கைக்கல் மேல் படுக்கை. அந்த வாழ்க்கைக்குத் தீயே மேல், தாமரைக் குளமும் தீயும் எனக்கு ஒன்றுதான் என்கிறாள். அவள் அன்பின் உறுதி மெய்யானது, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் இதை அதிசயம் என்று கைதட்டிக் கடந்துபோக மனம் வரவில்லை. ஒரு பெண்ணைத் தீயைப் பார்த்து நிற்க வைத்த கல்படுக்கையையும் கீரையையும் அவளே பட்டியல் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அந்தப் பட்டியலையும் சேர்த்துத்தான் இந்தப் பாட்டைப் படிக்க வேண்டும்.

துயரம் போதும், சமையலறைக்கு வாருங்கள்! தமிழின் மிக அழகான தாம்பத்தியப் பாட்டு ஒரு குழம்பைப் பற்றியது, தெரியுமா? குறுந்தொகை 167, பாடியவர் கூடலூர் கிழார். புதிதாகக் குடித்தனம் போன பெண்ணை வளர்த்த செவிலித்தாய் பார்த்துவிட்டு வந்து, பெற்ற தாயிடம் சொல்கிறாள். அவள் பார்த்தது இதுதான்: அந்தப் பெண் கட்டித் தயிரை விரலால் பிசைந்தாள். பிசைந்த கையைக் கழுவக்கூட நேரமில்லாமல் உடுத்திய சேலையிலேயே துடைத்துக்கொண்டாள். தாளித்த புகை கண்ணில் ஏறியது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவனுக்குப் பரிமாறினாள். அவன் ருசித்து, இனிமையாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டான். அவள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியோ, வளர்த்தவள் கண்ணுக்கு மட்டுமே பிடிபடும் அளவுக்கு நுணுக்கமானது! அவன் சொன்னது ஒரே வார்த்தை. சமைத்தவருக்கு அந்த ஒரு வார்த்தை என்ன செய்யும் என்பது அடுப்படியில் நின்ற எல்லாருக்கும் தெரியும். அதை இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே ஒரு புலவர் கவனித்து எழுதினார் என்பதை நினைத்தால் சிலிர்க்கிறது.

காத்திருப்பதற்கென்றே தமிழில் ஒரு திணை இருக்கிறதே, அந்த முல்லையை மறக்க முடியுமா? பத்துப்பாட்டிலேயே மிகச் சிறியது முல்லைப்பாட்டு, 103 அடி. எழுதியவர் நப்பூதனார், காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வணிகரின் மகன். போருக்குப் போன கணவன் திரும்புவானா என்று அரசி தவிக்கிறாள். முதிய பெண்கள் நெல்லும் முல்லைப்பூவும் தூவி வணங்கி, ஊர் எல்லையில் நற்சொல்லுக்காகக் காது கொடுத்து நிற்கிறார்கள். அப்போது யார் பேசுகிறார் தெரியுமா? குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு நடுங்கும் ஓர் இடைப்பெண். அவள் பேசுவது பசியில் துடிக்கும் கன்றுக்குட்டியிடம்! உன் தாய் இதோ வந்துவிடுவாள் என்று தேற்றுகிறாள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து அரசிக்கு ஆறுதல் சொல்கிறார்கள். அந்தப் பக்கம் பாசறையில் அவனுக்கும் தூக்கம் இல்லை. அம்பு தைத்துப் புல் தின்னாமல் நிற்கும் குதிரைகளையும், துதிக்கை வெட்டுண்ட யானைகளையும் எண்ணி விழித்திருக்கிறான். யவனக் காவலர்கள், நாழிகை சொல்லும் நீர்க்கடிகாரம், வாளை இடுப்பில் கட்டிக்கொண்டு விளக்கேற்றும் பெண்கள் என்று 103 அடிக்குள் ஒரு முழுப் பாசறையே நிற்கிறது. கடைசியில் அவள் காதில் விழுவது மழைநீர் கூரையிலிருந்து கொட்டும் ஒலி. அதைத் தொடர்ந்து தேர்க்குதிரைகளின் வரவு!

ஜப்பானிலும் இதே தவிப்பைத் தொகுத்து வைத்திருக்கிறார்கள், தெரியுமா? ‘மன்யோஷு’ என்ற அவர்களின் மிகப் பழைய கவிதைத் தொகுப்பில் ஏறத்தாழ 4,500 பாடல்கள் உண்டு. அதன் 20ஆம் பகுதியில், கிழக்கு மாகாணங்களிலிருந்து கியூஷு தீவின் கடற்கரைக் காவலுக்கு அனுப்பப்பட்ட சாதாரண வீரர்கள் பாடியவை இருக்கின்றன. 755இல் ஓட்டோமோ நோ யகமோச்சி என்ற அதிகாரி அவற்றைச் சேகரித்தார். அவரே பெரிய கவிஞர். ஒரு வீரனுக்கு ஒரே ஒரு குறை. மனைவியின் உருவத்தை வரைந்து எடுத்துக்கொள்ள நேரம் கிடைக்கவில்லையாம். கிடைத்திருந்தால் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போயிருப்பானாம். பர்ஸில் மனைவியின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வைத்திருக்கும் எத்தனையோ பேருக்கு இந்த வீரனைத் தெரியாது!

சரி, இந்தப் பிறவியில் உன்னைப் பிரிய மாட்டேன் என்று கணவன் சொன்னதும் மனைவி அழுத கதை தெரியுமா? திருக்குறள், 1315! இந்தப் பிறவியில் என்றால் அடுத்த பிறவியில் பிரிவீர்களா என்று கண் நிறைய நீர். பாவம் அந்தக் கணவன். ஆனால் அவள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் குறுந்தொகையில் அம்மூவனார் பாடிய 49ஆம் பாட்டின் தலைவி இதைத்தான் முன்னமே சொல்லிவிட்டாள்: மறுபிறவியிலும் நீயே என் கணவன், உன் நெஞ்சுக்கு இசைந்தவள் நானாகவே இருக்க வேண்டும். அதே குறுந்தொகையில் மகன்றில் என்ற பறவை ஜோடி வருகிறது. நீரில் நீந்தும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு பூ வந்துவிட்டால், அது ஓர் ஆண்டுப் பிரிவாகத் தோன்றுமாம்!

இனி ஜெர்மனிக்கு. திருமணப் பரிசாக 26 பாட்டுகளைப் பெற்ற மணப்பெண் யார், தெரியுமா? கிளாரா. கொடுத்தவர் ராபர்ட் ஷூமன். அந்தத் தொகுப்பின் பெயர் ‘மிர்டன்’. ஜெர்மனியில் மணப்பெண் சூடும் மலர் அது. இந்தப் பரிசுக்கு முன்னால் நடந்தது சின்னப் போராட்டம் இல்லை. கிளாராவின் தந்தை ஃப்ரீட்ரிக் வீக்தான் ராபர்ட்டின் பியானோ ஆசிரியர். பெண்ணைத் தர முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றார். காதலர்கள் நீதிமன்றம் வரை போய் அனுமதி வாங்கினார்கள். 1840 செப்டம்பர் 12 அன்று திருமணம். மறுநாள் கிளாராவுக்கு 21 வயது நிறைகிறது! அந்த ஒரே ஆண்டில் ராபர்ட் நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகளை எழுதிக் குவித்தார். அதனால் இசை வரலாற்றில் 1840ஐ அவருடைய பாட்டு ஆண்டு என்றே அழைக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய செய்தி. 1854இல் ராபர்ட் மனநோயின் உச்சத்தில் ரைன் நதியில் குதித்தார். காப்பாற்றப்பட்டு மனநலக் காப்பகத்தில் இருந்து, 1856இல் இறந்தார். கிளாராவுக்கு அப்போது 36 வயது, வீடு நிறையப் பிள்ளைகள். பியானோவைத் திறந்தார். ஊர் ஊராக, நாடு நாடாகக் கச்சேரி செய்து குடும்பத்தைக் காத்தார். போன இடமெல்லாம் கணவரின் இசையை வாசித்தார், அவருடைய முழுப் படைப்புகளையும் பதிப்பித்தார். கணவருக்குப் பின் 40 ஆண்டுகள் வாழ்ந்து 1896இல் மறைந்தார். துணையைப் போற்றும் பாட்டுகளைத் தேடித் தேடிப் படிக்கும்போது என்னை மிகவும் அசைப்பது இதுதான்: எந்தத் துணைக்காகப் பாட்டு எழுதப்பட்டதோ, அந்தத் துணைதான் பல நேரம் அந்தப் பாட்டைச் சுமந்து நம்மிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. போற்றுதலைப் பெற்றுக்கொண்டு சும்மா உட்கார்ந்தவர்கள் அல்ல இவர்கள். யூரோ வருவதற்கு முன் ஜெர்மனியின் 100 மார்க் நோட்டில் இருந்த பெண்ணின் முகம் கிளாராவுடையது, பின்பக்கம் ஒரு பியானோ. இதுவும் தெரியுமா?

பிறந்தநாள் காலையில் மாடிப்படியில் இசைக்குழுவை நிறுத்தி மனைவியை எழுப்பிய இசையமைப்பாளரும் உண்டு! ரிச்சர்ட் வாக்னர். 1870 டிசம்பர் 25, சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் அருகே டிரிப்ஷன் வீடு. மனைவி கோசிமாவுக்குத் தெரியாமல் ஒத்திகை பார்த்துவிட்டு, படிக்கட்டில் கலைஞர்களை வரிசையாக நிறுத்தி வாசிக்க வைத்தார். ‘சீக்ஃப்ரீட் இடில்’ என்று இன்று உலகமே கேட்கும் இசை அது. டிரம்பெட் வாசிக்க ஆள் வேண்டும், வாசிப்பதோ மொத்தமே 13 அளவுக்கட்டங்கள். அதற்காகவே டிரம்பெட் பழகிக்கொண்டு வந்து வாசித்தார் ஓர் இளைஞர், பெயர் ஹான்ஸ் ரிக்டர். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்று பொத்தி வைத்த அந்த இசையை, பணமுடையால் 1878இல் பதிப்பாளருக்கு விற்க நேர்ந்தது கோசிமாவுக்குப் பெரிய வருத்தம்.

அடுத்த கதையின் நாயகி குஜராத்தில் பிறந்தவர் என்றால் நம்புவீர்களா? பெயர் கரோலின் ஆலிஸ் ராபர்ட்ஸ். 1848இல் கட்ச் பகுதியின் புஜ் நகரில் பிறந்தார். தந்தை இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேயப் படைத் தளபதி. இங்கிலாந்தில் ஆலிஸ் இசை கற்கப் போன இடத்தில் ஆசிரியராக இருந்தவர் எட்வர்ட் எல்கர். பியானோ சுதி சேர்ப்பவரின் மகன். ஆலிஸைவிட எட்டு வயது இளையவர். கையில் காசும் இல்லை, பெயரும் இல்லை. மதப் பிரிவும் வேறு. பெண் வீட்டார் கொதித்தார்கள். ஆலிஸ் அசையவில்லை. 1888இல் நிச்சயமானபோது அவர் ஒரு கவிதை தந்தார், எல்கர் பதிலுக்கு ஓர் இசை தந்தார். அதுதான் ‘சலு தமூர்’. ஒரு சொல்கூட இல்லாத காதல் பாட்டு! சிறு தொகைக்கு மொத்த உரிமையையும் விற்றுவிட்டார். பின்னாளில் அது உலகம் முழுக்கப் பரவிப் பதிப்பாளருக்குப் பணம் கொட்டியது.

திருமணத்துக்குப் பின் ஆலிஸ் என்ன செய்தார் தெரியுமா? அச்சடித்த இசைத்தாள் வாங்குவதற்குப் பதில், வெற்றுத்தாளில் அளவுகோலை வைத்து இசைக்குறிப்புக்கான கோடுகளைத் தானே போட்டுக் கொடுத்தார். பக்கம் பக்கமாக! எல்கரும் சும்மா இல்லை. 1899இல் வந்த ‘எனிக்மா வேரியேஷன்ஸ்’ என்ற படைப்பில் நண்பர்கள் ஒவ்வொருவரையும் ஒவ்வோர் இசைச்சித்திரமாக வரைந்தபோது, முதல் சித்திரத்தை ஆலிஸுக்குக் கொடுத்தார். அதில் ஓபோ கருவியில் ஒரு சின்ன மெட்டு வரும். எல்கர் வெளியே போய்விட்டு வீட்டுக்குள் நுழையும்போது, வந்துவிட்டேன் என்று மனைவிக்குத் தெரிய அடிக்கும் சீட்டி அது! தன்னைப் பற்றிய கடைசிச் சித்திரத்திலும் ஆலிஸின் இசையை மறுபடி கொண்டுவந்தார். அந்தப் படைப்பை லண்டனில் முதன்முதலாக நடத்தியவர் யார் தெரியுமா? அதே ஹான்ஸ் ரிக்டர்! கோசிமாவுக்காகப் படிக்கட்டில் டிரம்பெட் ஊதிய அதே மனிதர், 29 ஆண்டு கழித்து ஆலிஸுக்கான சீட்டியை மேடையேற்றினார். 1920இல் ஆலிஸ் மறைந்தார். எல்கர் அதற்குப் பிறகு 14 ஆண்டு வாழ்ந்தும், முந்தைய ஆண்டு எழுதிய செல்லோ கான்செர்ட்டோவுக்கு இணையான பெரிய படைப்பு ஒன்றை முடிக்கவே இல்லை.

சினிமாவுக்கு வருவோம். மனைவியின் கண்ணீரைக் கண்டு கலங்கும் முதிய கணவனின் பாட்டு என்றதும் தமிழர்கள் மனத்தில் முதலில் வருவது 1970இல் வெளியான ‘வியட்நாம் வீடு’தான். பிரெஸ்டீஜ் பத்மநாபனாக சிவாஜி, சாவித்திரியாக பத்மினி. நரைத்த தலையோடு அந்தத் தம்பதியாக நடித்தபோது இருவருக்குமே நாற்பதை ஒட்டிய வயதுதான்! கே.வி. மகாதேவன் இசையில் டி.எம். சௌந்தரராஜன் குரல் கொடுத்த அந்தப் பாட்டின் தொடக்கம் பாரதியாருடையது, மற்றதைக் கண்ணதாசன் எழுதினார். இதுவரை பலருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் பாரதி அந்த அடியை யாரைப் பார்த்துப் பாடினார் தெரியுமா? மனைவியையோ காதலியையோ பார்த்து இல்லை. ஒரு குழந்தையைப் பார்த்து! ‘கண்ணன் பாட்டு’ நூலில் கண்ணம்மாவைக் குழந்தையாக வைத்துப் பாடிய பாட்டின் அடி அது; பராசக்தியைக் குழந்தையாகக் கண்டு பாடியது. அதை முப்பது நாற்பது வருடம் கூட வாழ்ந்த மனைவியின் பக்கம் திருப்பிவிட்டார் கண்ணதாசன். இம்மியளவும் உறுத்தவில்லை. நீண்ட தாம்பத்தியத்தில் மனைவி மகளாகவும் ஆகிவிடுகிறாள் என்பதை அந்த ஒரு திருப்பத்தில் காட்டிவிட்டார். பாரதி பாடல்களின் உரிமை 1949இல் அரசுடைமையாகிப் பின்னர் பொதுச்சொத்தாகிவிட்டதால் அந்த அடி தயங்காமல் படத்துக்குள் வர முடிந்தது.

அந்தக் ‘கண்ணன் பாட்டு’ 1917இல் பரலி சு. நெல்லையப்பர் முயற்சியால் முதலில் நூலானது. கண்ணம்மாவைக் காதலியாக வைத்துப் பாரதி பாடியவையும் அதில்தான் உள்ளன. வீட்டில் இருந்த மனைவி செல்லம்மா? கடையத்துப் பெண். 1897இல் திருமணமானபோது அவருக்கு வயது 7, பாரதிக்கு 14. புதுச்சேரியில் வறுமை. சமைக்க வைத்திருந்த அரிசியைக் கணவர் குருவிகளுக்கு இறைத்துவிட்டு மகிழ்ந்து நிற்க, அடுத்து என்ன செய்வது என்று தவித்தவர் அவர். 1921இல் பாரதி மறைந்தபோது செல்லம்மாவுக்கு 31 வயதுதான். மூலையில் உட்கார்ந்தாரா? மறு ஆண்டே ‘பாரதி ஆச்ரமம்’ என்ற பதிப்பகத்தைத் தொடங்கிக் கணவரின் பாடல்களை ‘சுதேச கீதங்கள்’ என்று அச்சிட்டு வெளியிட்டார்! கைம்பெண் வாசலுக்கு வருவதையே ஊர் பழித்த 1922இல்! கிளாரா பியானோவோடு புறப்பட்டார், செல்லம்மா அச்சுத்தாளோடு புறப்பட்டார்.

அவர் குரல் வானொலியிலும் ஒலித்தது, தெரியுமா? 1951இல் திருச்சி வானொலியில் ‘என் கணவர்’ என்ற தலைப்பில் பேசினார். கவிஞனோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு பெரிய பாடு என்பதையும் மறைக்கவில்லை, அந்த மனிதர் மேல் தனக்கிருந்த பெருமையையும் மறைக்கவில்லை. அந்த உரை எழுத்தில் கிடைக்கிறது, சில பக்கங்கள்தான். ‘கண்ணன் பாட்டு’ வீட்டில் இருந்தால், பக்கத்தில் வைத்து இரண்டையும் ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள்.